அந்தோணி ரொப்பிய இலை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் வெள்ளிக்கிழமைதான் லீவு. முதலாளிமார் தொழுகைக்குப் போவார்கள், மற்றவர்கள் வீட்டில் கிடந்து தூங்குவார்கள். அந்தோணியும் இருபது வருஷமாக அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தான். ஆனால் 1928-ஆம் வருஷத்தில், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில், இரண்டு வெள்ளிக்கிழமை அவன் தூங்கவில்லை. பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் ஊசியும் பச்சைப் பட்டு நூலுமாக உட்கார்ந்திருந்தான். எல்லாம் ஒரு பீடியால் வந்த வினை.

பீடிக்கு முன்னால் அவன் மனைவி சவுரியம்மாளின் வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கன்னியர் மடத்தில் மதர் செலஸ்தீன் நடத்திய தையல் வகுப்புக்கு அவள் இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வருஷம் பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாளுக்குக் கோயில் பீடத்துக்குப் புது விரிப்பு போடுவதென்று மதர் முடிவு செய்திருந்தார். விரிப்பின் ஓரத்தில் வைக்கப் பன்னிரண்டு வெள்ளைத் துணித் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு சாண், ஓரம் மடித்துத் தைத்தது. நடுவில் நீலப் பென்சிலால் வரைந்த திராட்சை இலை. பெண்டுகள் ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப்போய், இலையைப் பட்டு நூலால் நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

துண்டுகளைக் கொடுக்கும்போது ஷாப்பில் கணக்கு எழுதும் ரைட்டர் சூசையின் மனைவி சம்பூர்ணம், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிற மாதிரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தோல் வேல செய்றவங்க ஊட்டுத் துணியப் பீடத்துல வெச்சா, சாமியாரு மூக்கப் புடிச்சிக்கினுதான் பூச வெக்கணும்."

தோல் வேலைக்காரர் குடும்பம் அந்தக் கோயிலில் இருபது இருந்தது. இருபதும் வாசல் பக்கம், கடைசியில்தான் உட்காரும். பீடத்துப் பொருளில் அதுவரை அவர்களில் ஒருத்தர் கையும் பட்டதில்லை. சவுரியம்மாளுக்குக் கிடைத்ததுதான் முதல் துண்டு. அவள் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். வாய்க்கொழுப்பு சீலையில் வடிந்தது.

"பன்னெண்டுல எது நல்லா கீதோ, அதை நடுவுல வெக்கட்டும் மதரு. அது எங்கூட்டு எலையாத்தான் இருக்கும், நீ வேணா பாரு."

மதர் பிரெஞ்சுக்காரர். தமிழை வேதபுத்தகத்தில் படித்துக் கற்றவர், அப்படியேதான் பேசுவார். "நல்லது சவுரியம்மாள்," என்றார். "பாஸ்காவுக்கு முன்வரும் பெரிய வாரத்தின் செவ்வாய்க்கிழமை பார்ப்போம். பழுதான இலையை நான் கத்திரியால் பிரித்தெடுத்து, மறுபடி தைக்கும்படி சம்பூர்ணத்தின் கையில் ஒப்புவிப்பேன்."

இப்போது பீடி. தபசு காலம் நாற்பது நாளும் பீடி தொடுவதில்லை என்று அந்தோணி நேர்ந்துகொண்டிருந்தான். பத்தொன்பது நாள் தாக்குப்பிடித்தான். இருபதாம் நாள், முன்னேற்பாடாகச் சவுரியம்மாளின் டிரங்குப் பெட்டியில் கூறைப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கட்டைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தபோது, "இன்னாய்யா தேட்றே?" என்று அவளும் உள்ளே கையை விட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவன் கையை உருவிக்கொண்டு மூடியை விட்டான். இரும்பு மூடி. அவளுடைய வலது கையில் மூன்று விரல் மாட்டிக்கொண்டது.

எலும்பு உடையவில்லை. ஆனாலும் நாட்டு வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, கெட்டியாகக் கட்டி, "ஒரு மாசம் வெரலை ஆட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வலிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சவுரியம்மாள், ஒரு மாசம் என்றதும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னா வேல இருந்தாலும் சொல்லுமே. நான் செய்றேன்" என்றான் அந்தோணி. தண்ணீர் எடுப்பது, விறகு பிளப்பது என்று ஏதோ மனதில் வைத்துக்கொண்டு சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது கையால் ஊசியை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

முதல் வெள்ளிக்கிழமை ஒரு பழைய வேட்டிக் கிழிசலில் பாடம் ஆரம்பமாயிற்று. மதர் அந்தத் தையலுக்குச் சாட்டின் தையல் என்று பேர் சொல்வார். நூலால் நிரப்புவதால் சவுரியம்மாளுக்கு அது ரொப்புத் தையல்.

"ஊசி இந்த ஓரத்துல மேல வரணும். நேரா எதிர் ஓரத்துக்குப் போயி கீழ எறங்கணும். மறுபடியும் இந்த ஓரம், மொத நூலுக்குப் பக்கத்துலயே. நூலும் நூலும் ஒட்டிக்கினு படுக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. நடுவுல சந்து உடக்கூடாது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று சொல்லப்படுகிற வேலைகளில்தான் மனிதன் சீரழிகிறான். அந்தோணியின் கை, நனைந்த எருமைத்தோலைப் பலகையில் போட்டு மூலைக்கு மூலை இழுத்து விரிக்கிற கை. ஷாப்பில் அவன் இழுத்தால் எதிர்ப்பக்கம் பிடித்திருக்கிற கலீமுல்லா ஓரடி முன்னால் வந்து விழுவான். அந்தக் கைக்கு ஒற்றை இழைப் பட்டு நூல் எம்மாத்திரம்? இழுத்தான், அறுந்தது. மறுபடி கோத்து இழுத்தான். இந்தத் தடவை நூல் அறவில்லை, துணிதான் சுருங்கிக் குவிந்தது.

"இது எலையா? கொடுக்காப்புளி மாதிரி சுருட்டிக்கினு கீது" என்றாள் சவுரியம்மாள்.

"நூலு நிக்க வேணாமா? இழுத்தாதானே நிக்கும்?"

"நிக்க வேணாய்யா. படுக்கட்டும். நீ இழுக்காத, படுக்க வெய்யி. ஓரத்துலேர்ந்து ஆரம்பிக்காத, நடுவுல ஆரம்பி. நடு நரம்பு வரைக்கும் ஒரு பாதி, அப்புறம் மறு பாதி. நீளமா போட்டா தொளதொளன்னு தொங்கும்."

படுக்க வைத்தால் துணி தொய்ந்தது, இழுத்தால் குவிந்தது. மத்தியானத்துக்குள் பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி, குரங்கும் அவிழ்ந்து நூல் கந்தலாயிற்று. தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி ஊறித் தேக்கு நிறமாகிப்போன தன் விரல்களை அந்தோணி வெறுப்போடு பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு மூளை வேலை செய்தது.

"தோலும் இப்டித்தாம்மே. அதுங்கிட்ட நயமா பேசினா கேக்காது. விரிச்சு அடிச்சிரணும்."

துணியைப் பலகையில் விரித்து ஓரத்தில் செருப்பு ஆணி அடித்தான். தட்டினால் பறை மாதிரி சத்தம் வந்தது. பெருமையாக ஊசியைக் குத்தினான். ஊசி பலகையில் முட்டி, மழுங்கி நின்றது. சவுரியம்மாள் பத்து நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள். கடைசியில், நாட்றம்பள்ளியில் மாமன் வீட்டில் இருக்கிற அவர்களுடைய மகன் என்றைக்கோ உடைத்துப் போட்ட சிலேட்டின் மரச்சட்டம் பரணிலிருந்து இறங்கியது. அதில் துணியை ஆணியடித்தார்கள். அடியில் கை போய் வர இடம் இருந்தது. நூல் தானாகவே படுத்தது. ஒன்றையொன்று உரசிக்கொண்டு, ஏறாமல், விலகாமல், வழவழவென்று படுத்தது.

"யப்பா," என்றாள் சவுரியம்மாள், அவன் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து. "எனக்கே இப்டி வராதுய்யா."

அதைக் கேட்ட பிறகு அந்தோணியைப் பிடிக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தால் வீட்டுக்கு ஓட்டம். ஷாப்பில் கேலி ஆரம்பித்தது.

"இன்னாப்பா, நாப்பது வயசுல புது மாப்ள கணக்கா ஓட்றே?" என்றான் கலீமுல்லா. அந்தோணியின் மீசையில் ஒட்டியிருந்த இழையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். "இது இன்னா தோஸ்த், பச்சையா?"

"கீர" என்றான் அந்தோணி.

"பட்டுக் கீரயா?"

அந்தோணி தோலை இழுத்த இழுப்பில் கலீமுல்லா பலகைமேல் குப்புற வந்தான்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை மதர் கொடுத்த அசல் துண்டு சட்டத்துக்கு வந்தது. மதர் தைத்த மடிப்பில் ஆணி குத்தினால் கிழிந்துவிடும் என்று ஒரு விரல்கடை உள்ளே தள்ளிச் சுற்றிலும் பதினாறு ஆணி அடித்தான். துணி இன்னும் கொஞ்சம் தொய்வாக இருப்பதாக அவனுக்குப் பட்டது. தோலை ஈரத்தோடுதான் விரித்து அடிப்பார்கள், காயக் காய அது இறுகும். பழக்க தோஷம். செம்புத் தண்ணீரில் கையை நனைத்து ஆணி அடித்த இடமெல்லாம் தடவிவிட்டான். காய்ந்ததும் துணி நன்றாகவே இறுகியது. அன்று அரை இலை. சனிக்கிழமை மத்தியானம் இன்னொரு தடவல், கால் இலை. பெரிய வாரம் தொடங்கும் குருத்து ஞாயிறுக்குக் கிடைத்த அரைநாள் லீவில் மீதியும் முடிந்தது. சவுரியம்மாள் ஒவ்வொரு சாயங்காலமும் சம்பூர்ணத்தை நினைத்துக்கொண்டு துணிக்குச் சாம்பிராணிப் புகை போட்டாள்.

ஞாயிறு மத்தியானம் இலையை முடித்த கையோடு ஆணிகளைப் பிடுங்கினான். ஆணி இருந்த இடம் ஒவ்வொன்றிலும் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம்.

பட்டையில் ஊறிய பொருளில் இரும்பு பட்டால் கருத்துப்போகும். ஷாப்பில் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் அங்கே மூங்கில் முளையைத் தவிர வேறெதையும் தோலில் குத்துவதில்லை. போன மாசம் ஒருத்தன் தோல்மேல் இரும்புச் சுத்தியை வைத்ததற்கு அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டியவன் இதே அந்தோணிதான். ஆனால் அது தோல், இது துணி என்று இருந்துவிட்டான். இருபது வருஷமாகப் பட்டைச் சாறு குடித்தது தன் கை என்பதை மறந்துவிட்டான். அந்தக் கையால் ஈரம் தடவி, அதில் இரும்பாணியும் அடித்தால் வெள்ளைத் துணி என்ன செய்யும்?

எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்ததில் கறுப்பு கொஞ்சம் தணிந்து தேயிலை நிறமாயிற்று. இன்னும் தேய்த்தால் இலையின் பச்சைச் சாயம் ஓடிவிடும். அந்தோணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வெட்கமாக இருந்தது. அவள் விரலையும் நசுக்கி, அவள் வார்த்தையையும் நசுக்கியாயிற்று.

சவுரியம்மாள் திட்டவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொடின்னா எல மட்டுமா இருக்கும்?" என்றாள் கடைசியில். "பழம் இருக்காது?"

"மதரு பச்ச நூலுதானே குடுத்தாங்கோ?"

"நூலு கீது. நீ உக்காரு." உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிடி அரக்கு நிறப் பட்டு நூலோடு வந்தாள். அந்தோணி அதை வாங்கி ஊசியில் கோத்தான். ஆம்பிளைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்ற யோசனையே வருவதில்லை, நூல் எங்கிருந்து வந்தது என்றா கேட்கப்போகிறான்?

பழத்துக்கும் அதே ரொப்புத் தையல்தான். ஓரத்தில் குட்டையாக ஆரம்பித்து, நடுவில் நீண்டு, மறு ஓரத்தில் குட்டையாக முடிய வேண்டும். அன்று விளக்கு வைப்பதற்குள் ஐந்து பழம். திங்கள் மத்தியானம் ஐந்து. செவ்வாய் ஐந்து. பதினாறாவது கறை அப்படியே நின்றது, நேரம் நிற்கவில்லை.

செவ்வாய் சாயங்காலம் மடத்து முற்றத்தில் பன்னிரண்டு பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வயிற்றுவலி என்று சொல்லி ஷாப்பிலிருந்து கிளம்பிய அந்தோணி வெளிக்கேட்டருகே புளியமரத்தடியில் நின்றான். வயிற்றுவலிக்காரன் மடத்துப் பக்கம் ஏன் போகிறான் என்று பார்க்கப் பின்னாலேயே வந்த கலீமுல்லாவின் தலை, அந்தோணிக்குத் தெரியாமல் மதில்மேல் தெரிந்தது.

சவுரியம்மாள் வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, இடது கையால் துண்டை நீட்டினாள். இடது கட்டைவிரல் பதினாறாவது கறையின்மேல் உட்கார்ந்திருந்தது. மதர் இழுத்தார். அவள் விடவில்லை. இரண்டு பேருமாக ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

"நான் வரைந்தது ஓர் இலை," என்றார் மதர். "கனிகள் எங்கிருந்து வந்தன?"

"நல்ல கொடியா இருந்தா காய்க்காதா தாயே?"

மதர் சிரித்தார். துணியைத் தடவினார், திருப்பினார். பின்பக்கமும் முன்பக்கம் போலவே நிறைந்திருந்தது. குனிந்து மோந்தார். "கோயில் மணக்கிறது" என்றார். சம்பூர்ணத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அந்தக் கட்டவெரல எடுக்கச் சொல்லுங்க மதர். அடீல அழுக்கு கீது. அது மட்டுமில்ல, அவ சோத்துக்கையப் பாருங்க. மூணு வாரமா கட்டுப் போட்டுக்கினு கீறா. இவ எங்க தச்சா?"

முந்தானை விலகியது. கட்டு தெரிந்தது.

"சவுரியம்மாள், நீ பொய் சொன்னாயா?"

"நான் தைப்பேன்னு சொல்லல தாயே." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கூட்டு எலன்னுதான் சொன்னேன்."

மதர் பெருமூச்சு விட்டு இடுப்பிலிருந்த கத்திரியை எடுத்தார். புளியமரத்தடியிலிருந்து அந்தோணி அந்தக் கத்திரியைப் பார்த்தான். அப்போதுதான் மதில்மேல் கலீமுல்லாவின் தலையையும் பார்த்தான். ஷாப்பின் அத்தனை பலகையும், அத்தனை தொட்டியும், நாளைக்குக் காலையில் அவனைத் தையக்காரி என்று கூப்பிடப்போவது காதில் கேட்டது. இருபது வருஷத்து மானம் ஒரு பக்கம். வாசலோரம் உட்கார்ந்தே பழகிய சவுரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது ஒரு பக்கம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

"கத்திரி வேணாம் தாயே. அது என் கை."

பீடி, பெட்டி, மூடி, சிலேட்டுச் சட்டம், ஆணி, எலுமிச்சம்பழம் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். சாமியாரிடம்கூட அவன் அவ்வளவு முழுசாகப் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை. மதர் அவனுடைய கையைப் பார்த்தார். அவன் துண்டின் முனையில் மத்தியானம் செருகி மறந்த, அரக்கு நூல் கோத்த ஊசியைப் பார்த்தார்.

"தைத்துக் காட்டு" என்றார்.

"விரிச்சுக் கட்டாம எனக்குத் தைக்க வராது தாயே. சட்டம் ஊட்ல கீது. நாலு பேரு மூலையப் புடிக்கணும்."

மதர் ஒரு மூலையைப் பிடித்தார். சவுரியம்மாள் இடது கையால் ஒன்றைப் பிடித்தாள். கிழக்கு மூலைக்கு இன்னொருத்தி வந்தாள். நாலாவது மூலைக்கு, மதர் கண்ணால் காட்டியதும், சம்பூர்ணம் வந்தே தீர வேண்டியிருந்தது. அந்தோணி கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"இழும்மா. நல்லா இழு. எரும தோலுன்னு நெனச்சிக்கோ."

"ரைட்டரம்மா பக்கம் கம்மி!" என்று மதில்மேலிருந்து கத்தினான் கலீமுல்லா. பழக்கம் விடவில்லை. "இன்னும் ஜாஸ்தி இழுக்கச் சொல்லு தோஸ்த்! கோணிக்கினு கீது பாரு!"

சம்பூர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். துணி விறைத்தது. ஊசி கீழிருந்து மேலே வந்து, எதிர் ஓரத்தில் இறங்கி, மறுபடி வந்தது. அரக்கு நூல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு படுத்தது. பதினாறாவது பழம் பழுத்து முடிகிற வரை பன்னிரண்டு பெண்களும் ஒரு கன்னியாஸ்திரீயும் மதில்மேல் ஒரு துலுக்கரும் மூச்சு விடவில்லை.

"இதை நடுவில் வைப்பேன்" என்றார் மதர். பிறகு கத்திரியை இடுப்பில் சொருகிக்கொண்டு, "அந்தோணி, அடுத்த வருஷத்துக்குப் பன்னிரண்டு சட்டங்கள் செய்து தருவாய். இரும்பாணி வேண்டாம்" என்றார்.

பாஸ்காப் பூசையில் இலை நடுவில்தான் இருந்தது. வாசலோரம் இருந்த இருபது குடும்பமும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. ஷாப்பில் இரண்டு நாள் அவனைத் தையக்காரி என்றார்கள். மூன்றாம் நாள் கலீமுல்லா, தன் தொப்பியில் பிரிந்துபோன பூவேலையைக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் ரொப்பித் தரச் சொன்னான்.

அடுத்த வெள்ளிக்கிழமை. நேர்த்திக் கடன் முடிந்துவிட்டது, இனிமேல் பீடி பிடித்தால் பாவமில்லை. தூங்கி எழுந்த அந்தோணி டிரங்குப் பெட்டியைத் திறந்து கூறைப் புடவைக்கு அடியில் கையை விட்டான். கட்டு கிடைத்தது. எடுக்கும்போது புடவையின் மடிப்பு கலைந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அவளுக்குப் போர்த்திய அரக்குப் புடவை. அதன் தலைப்பில் கைகொள்ளும் அகலத்துக்குக் குறுக்கு நூலே இல்லை. நெடுக்காக ஓடும் பாவு நூல் மட்டும் சிலும்பிக்கொண்டு நின்றது. பல்லாலும் இடது கையாலும் உருவியெடுத்திருக்கிறாள். ஓரிடத்தில் பல் பட்டுக் கிழிந்தும் இருந்தது.

அவன் பீடிக் கட்டைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டுச் சட்டத்தையும் ஊசியையும் எடுத்தான். போனவாரம் சீவி வைத்த மூங்கில் முளைகளால் புடவைத் தலைப்பை விரித்து அடித்தான். மிச்சமிருந்தது பச்சை நூல்தான். வெளிச்சம் போதவில்லை. எழுந்து போய்த் தெருக்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தான்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த சவுரியம்மாள் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாய்யா பண்றே, நடு வாசல்ல?"

"ரொப்பறேன்" என்றான் அந்தோணி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.